பத்துக் குப்பியும் ஒரு நோட்டும்: மதுரைக்கு மேற்கே நான்கு மருத்துவமனைகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

மல்லிகை பறிக்கிறவர்கள் விடியற்காலை மூன்றரை, நாலு மணிக்கே தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். மொட்டு வாய் திறப்பதற்குள் பறித்து, முதல் வண்டியில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட்டால்தான் விலை. நெற்றியில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் பறிப்பார்கள். வெளிச்சம் மொட்டில் விழும், காலடியில் விழாது. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்குப் பின்னால் இந்த இருட்டும் இருக்கிறது.

அப்படி ஒரு விடிகாலையில்தான் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்காவை டி.வி.எஸ். வண்டியில் நடுவில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வலது கணுக்காலுக்கு மேல் கடி. நான் அப்போது மதுரைக்கு மேற்கே, தேனி சாலையை ஒட்டிய ஒரு வட்ட அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். மருத்துவமனைகளின் பெயரை இந்தக் கட்டுரையில் எங்கும் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியது நடந்த விதமும் அதன்பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டதும்தான். நடந்து பத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. ஓய்வு பெற்ற பிறகும் இதை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

அந்த விடிகாலை

எங்கள் மருந்தகம் இரவில் பூட்டியிருக்கும். அவசர மருந்து அலமாரிச் சாவி மட்டும் ட்யூட்டி சிஸ்டரிடம் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே வீடு என்பதால் என்னை எழுப்ப ஆள் வந்தது. போனபோது டாக்டரம்மா புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து அசையாமல் மேசையில் வைத்திருந்தார். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைந்திருந்தால் குழாயோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்குச் சாய்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. ஈறில் கசிவு தொடங்கியிருந்தது, கால் வீங்கிக்கொண்டே போனது. கண்ணாடி விரியன்.

பாம்புக்கடி மருந்தை நாங்கள் ஏ.எஸ்.வி. என்றுதான் சொல்வோம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்த ஒரே மருந்து. தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி வரை ஏற்ற வேண்டும். பிறகு ஆறு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் உறைகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விஷம் அழித்த உறைவுப் பொருட்களைக் கல்லீரல் திரும்பச் செய்வதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். அப்போதும் உறையவில்லை என்றால் இன்னொரு தடவை ஏற்ற வேண்டும். ஒரே ஆளுக்கு 20, 30 குப்பி போவதும் உண்டு.

"சார், அலமாரியில ஆறுதான் இருக்கு" என்றார் சிஸ்டர்.

இரண்டு நாளைக்கு முன்னால் வந்த இன்னொரு கேஸுக்கு மற்றது போய்விட்டது. மருந்து கேட்டு அனுப்பும் இண்டென்ட் புதிதாக எழுதி வைத்திருந்தேன். மாவட்ட மருந்துக் கிடங்குக்கு வண்டி போகும் நாள் இன்னும் வரவில்லை. இருக்கிற ஆறையும் டாக்டரம்மா உடனே சலைனில் கலந்து ஏற்றத் தொடங்கினார். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலினைக் கையிலேயே எடுத்து வைத்துக்கொண்டார். மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அப்படியே அனுப்பலாம்தான். ஆனால் முதல் டோஸ் முழுதாக உள்ளே போகாமல் அவ்வளவு தூரம் ஆம்புலன்ஸில் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அவர் யோசித்தது சரி என்பது என் கருத்து.

இருபது கிலோமீட்டர் சுமாருக்கு அப்பால் இன்னொரு அரசு மருத்துவமனை. அங்கே இருந்த மருந்தாளுநர் என்னைவிட வயதில் சின்னவர். போன மாதம் கிடங்கில் பார்த்தபோது, "ஏ.எஸ்.வி. பெட்டி அப்படியே கிடக்குண்ணே, எக்ஸ்பைரி நெருங்குது" என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. போன் போட்டேன்.

"இருக்குண்ணே, முழுப் பெட்டி இருக்கு. ஆனா எழுத்து இல்லாம எப்படிண்ணே குடுக்கிறது? ஆடிட்ல கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"எழுத்த நான் காலையில கொண்டாந்து தர்றேன் தம்பி. ஆளு வருது. இப்பக் குடுத்து விடு."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிண்ணே, அனுப்புங்க. கேட்ல நிக்கிறேன்" என்றார்.

அந்த அக்காவின் அண்ணன் மகன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். தூளாக வரும் மருந்து என்பதால் ஐஸ் பெட்டி தேவைப்படவில்லை. அந்த ஒரு வசதி இல்லையென்றால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். பையன் திரும்பும்போது பொழுது விடிந்திருந்தது. பத்துக் குப்பி வந்தது. நாலை ஏற்றி முதல் டோஸை முடித்தார்கள். மீதி ஆறை ஆம்புலன்ஸ்காரரிடம் கொடுத்து, போகும் வழியில் தேவைப்பட்டாலும் படலாம் என்று பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கண்ணாடி விரியன் கடி சிறுநீரகத்தைப் பாதிக்கும், டயாலிசிஸ் வசதி அங்கேதான். அந்த அக்கா பிழைத்து வந்து, பல மாதம் கழித்து மறுபடி பூப்பறிக்கப் போனார்.

நோட்டு இல்லாத உதவி

கதை இதோடு முடிந்திருந்தால் இதை ஓர் ஆய்வாக எழுத வேண்டியிருக்காது.

மறுநாளே ஒரு வெள்ளைத்தாளில் 10 குப்பி வாங்கிக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தத் தம்பியிடம் கொடுத்தேன். அடுத்த இண்டென்ட்டில் மருந்து வந்ததும் பத்தைத் திருப்பியும் கொடுத்துவிட்டேன். ஆனால் நான் திருப்பிக் கொடுத்தது வேறு பேட்ச், அதாவது கம்பெனி வேறொரு தடவை செய்த தொகுதி. அவருடைய ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒரு பேட்சில் 10 குப்பி நோயாளி எண் இல்லாமல் வெளியே போயிருந்தது. இன்னொரு பேட்சில் 10 குப்பி இண்டென்ட் இல்லாமல் உள்ளே வந்திருந்தது. தணிக்கையில் அது ஒரு பக்கம் காணாமல் போன மருந்தாகவும் மறு பக்கம் கணக்கில் வராத மருந்தாகவும் தெரிந்தது. என் வெள்ளைத்தாளில் மருத்துவ அலுவலர் கையெழுத்து இல்லை. அந்தத் தம்பி இரண்டு தடவை எழுத்து மூலம் விளக்கம் கொடுத்தார். விஷயம் தீர மாதக்கணக்கில் ஆனது.

கேட்டவன் நான், கொடுத்தவர் அவர். விளக்கம் எழுத வேண்டி வந்ததும் அவருக்குத்தான். அந்தச் சமயத்தில் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் பழைய சிரிப்பு இல்லை. இன்னொரு விடிகாலை இதே மாதிரிப் போன் போட்டால் எடுப்பாரா என்ற கேள்வி என்னை வாட்டியது. எடுக்காவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

தணிக்கை செய்தவர்கள் மீதும் எனக்குக் கோபம் இல்லை. பேட்ச் எண் என்பது வெறும் சம்பிரதாயம் கிடையாது. ஏதோ ஒரு பேட்ச் தரமில்லை என்று ஆய்வகம் சொன்னால், அந்தப் பேட்ச் எந்த ஆஸ்பத்திரியில், எந்த நோயாளிக்குப் போனது என்று அன்றைக்கே கண்டுபிடித்தாக வேண்டும். எழுதாமல் கைமாறிய மருந்தைத் தேட வழியில்லை. நாங்கள் இருவரும் நல்லெண்ணத்தில் செய்த காரியம் அந்தத் தேடலில் ஓர் ஓட்டையைப் போட்டிருந்தது.

செய்முறை

எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து, புதுமனை என எந்த விசேஷமானாலும் மண்டப வாசலில் ஒரு மேசை இருக்கும். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார், ஒருவர் நோட்டில் எழுதுவார். ஊர், பெயர், தொகை. வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டில் விசேஷம் என்றால் நோட்டை எடுத்துப் பார்த்து, வாங்கினதற்குக் குறையாமல் திருப்பிச் செய்வார்கள். உசிலம்பட்டிப் பக்கம் இதைச் செய்முறை என்பார்கள். எழுதுவதால் உறவு கெட்டுப்போகிறது என்று யாரும் நினைப்பதில்லை. எழுதாமல் விட்டால்தான் பத்து வருடம் கழித்துச் சண்டை வரும்.

நாங்கள் நான்கு மருத்துவமனை மருந்தாளுநர்கள், கிடங்குக்குப் போன ஒரு நாளில் டீக்கடையில் உட்கார்ந்து இதைத்தான் பேசினோம். நம்மிடம் உதவி இருக்கிறது, நோட்டுத்தான் இல்லை. ஆளுக்கொரு யோசனை சொல்லி, கடைசியில் ஒரு சீட்டு தயாரானது. கார்பன் வைத்து மூன்று பிரதி. கொடுப்பவர், வாங்குபவர், மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி மாதம், எண்ணிக்கை, எந்த உள்நோயாளிக்காக, இரு பக்க மருத்துவ அலுவலர் கையெழுத்து. ஒரு பிரதி கொடுத்தவருக்கு, ஒன்று வாங்கியவருக்கு, ஒன்று கிடங்குக் கணக்கோடு. ரிஜிஸ்டரில் இதைச் செலவு என்று எழுதாமல் இடமாற்றம் என்று எழுதத் தனிப் பத்தி. எங்கள் தலைமை மருத்துவ அலுவலர் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மேலிடத்துக்குப் பல நடை நடந்து எழுத்து மூலம் அனுமதி வாங்கினார். அந்த அனுமதிக் கடிதம் வராமல் ஒரு குப்பியும் நகரக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அப்போது எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. அவர் நின்ற இடம்தான் சரியான இடம் என்று பிற்பாடு புரிந்தது.

இரண்டு விதிகளை மட்டும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று, திருப்பிக் கொடுக்கும் மருந்தின் ஆயுள், வாங்கிய மருந்தின் ஆயுளைவிடக் குறைவாக இருக்கக்கூடாது. செய்முறையில் குறைத்துச் செய்யாத அதே வழக்கம்தான். இரண்டு, காலாவதி நெருங்குகிறது என்று ஒருவர் தாமாக முன்வந்து கொடுத்தால் அதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டாவது விதிதான் நாங்கள் எதிர்பார்க்காத பலனைக் கொடுத்தது. ஏ.எஸ்.வி. சும்மா வருவதில்லை. அதற்கு வேண்டிய விஷத்தைப் பெரும்பாலும் எடுத்துத் தருவது, 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். சங்கம் இருக்கும், சென்னைக்குத் தெற்கே உள்ள வடநெம்மேலியில் ஒருவர் வெறும் கையால் பாம்பின் கழுத்தைப் பிடித்து எடுத்த விஷம், குதிரையின் உடம்பில் மாற்றுமருந்தாகி, தூளாகி, குப்பியாகி எங்கள் அலமாரிக்கு வருகிறது. அதைக் காலாவதி என்று சிவப்பு மையில் எழுதிக் கழிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை கூசும். இப்போது ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால், கடி அதிகம் வராத ஆஸ்பத்திரியில் இருக்கும் பழைய பெட்டி, மல்லிகைத் தோட்டமும் கடலைக் காடும் சூழ்ந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறது.

சேர்த்து வைப்பதில் இருக்கும் கணக்கு

மருந்து வாங்குவதில் தமிழ்நாடு ஏற்கெனவே இந்தப் பாடத்தைக் கற்றிருந்தது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் சேர்த்து மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. மாவட்டக் கிடங்கில் இறங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அதில் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கீடு. வங்கிக் கணக்குப் போலவே எடுக்க எடுக்க இருப்பு குறையும். அதற்கு முன் ஊரூருக்குத் தனியாக வாங்கிய காலத்தை நினைத்தால், பாஸ்புக் வந்தது எங்கள் தொழிலில் ஒரு பெரிய மாற்றம். சின்ன ஆஸ்பத்திரியும் பெரிய ஆஸ்பத்திரி வாங்கும் விலைக்கே மருந்து எடுக்க முடிந்தது.

ஆனால் பாஸ்புக் தீர்த்தது வாங்கும் பிரச்சினையை. கிடங்கிலிருந்து மருந்து வெளியேறி நான்கு அலமாரிகளில் பிரிந்து உட்கார்ந்த பிறகு, அந்த நான்கும் ஒன்றையொன்று பார்க்காத நான்கு தீவுகள். சாதாரண மாத்திரைக்கு இதனால் பெரிய நட்டமில்லை. பாரசிட்டமால் எவ்வளவு போகும் என்று போன வருடக் கணக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். பாம்புக்குச் சராசரி தெரியாது. மூன்று மாதம் ஒரு கடியும் வராது, பிறகு ஒரே வாரத்தில் மூன்று வரும்.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் கையே தனக்குதவி என்று இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு மோசமான கேஸைத் தாங்க 40 குப்பியாவது வைத்திருக்க வேண்டும். நான்கிலும் சேர்ந்து 160. ஆனால் நான்கு ஊரிலும் ஒரே ராத்திரியில் இரண்டிரண்டு பேரைக் கடிப்பது நடக்கிற காரியமா? ஒவ்வொருவரும் 20 வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் மட்டும் கூடுதலாக 40 வைத்தால் மொத்தம் 120. அதே பாதுகாப்பு, 40 குப்பி குறைவு. அந்த 40 குப்பி வேறு தாலுகாவுக்குப் போகலாம். இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: நடுவில் இருக்கும் பெட்டி கேட்ட நேரத்தில் நகர வேண்டும். நகராத பெட்டியை நம்பி இருபதோடு உட்கார்ந்திருப்பது, பகிராமல் இருப்பதைவிட ஆபத்து.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-ல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இதை நான் மருந்தாளுநர் கண்ணோடுதான் பார்க்கிறேன். எந்த ஊரில், எந்த மாதத்தில் எத்தனை கடி என்று ஒழுங்காகக் கணக்கு வந்தால், அந்த நடுப் பெட்டியை எங்கே வைப்பது என்று ஊகிக்காமல் முடிவு செய்யலாம்.

எது எவ்வளவு தூரம் போகும்

பாம்பு மருந்தில் தொடங்கியவர்கள் அடுத்து எதையெல்லாம் பகிரலாம் என்று யோசித்தோம். சில நன்றாக வந்தன, சில வரவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கச் சில வருடம் பிடித்தது. ஒரு பொருளை எவ்வளவு தூரத்தில் வைக்கலாம் என்பதை அந்தப் பொருளின் விலை தீர்மானிப்பதில்லை. நோயாளியால் எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்பதுதான் தீர்மானிக்கிறது.

ஆன்டி-டி ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க்கு நெகட்டிவ் ரத்த வகை, குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால், அடுத்த பிள்ளைக்கு ஆபத்து வராமல் இருக்கப் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்குப் போட வேண்டும். நம் நாட்டில் நெகட்டிவ் வகை 100-க்கு 5 பேர் சுமார்தான். ஊசி விலை கூடியது, 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். சின்ன ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்தால் காலாவதியாகும், வாங்காமல் இருந்தால் தேவைப்படும் நாளில் ஓட வேண்டும். 72 மணி நேரம் என்பது எங்களுக்குப் பெரிய வரம். ஒரு இடத்தில் வைத்து, ஐஸ் பாக்கெட்டோடு பஸ்ஸில் ஆள் கொண்டுவந்தால்கூடப் போதும். பகிர்வதற்கென்றே செய்த மருந்து போல இருந்தது. இதை ஆரம்பித்த பிறகு எங்கள் நான்கு இடத்திலும் ஆன்டி-டி இல்லை என்று தாயைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு ஓடிய குடும்பத்தை நான் பார்க்கவில்லை.

ரத்தம் அப்படியல்ல. பிரசவத்துக்குப் பிறகு உதிரப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்கு மணிக்கணக்கில் காத்திருக்க நேரமில்லை. அதனால் ரத்தம் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆனால் ரத்த வங்கியை எல்லா ஊரிலும் நடத்த முடியாது. சட்டம் இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் போகாத மருத்துவமனைகள் அனுமதி பெற்று ரத்தச் சேமிப்பு மையம் வைத்துக்கொள்ளலாம். உரிமம் பெற்ற தாய் ரத்த வங்கி சோதித்துக் கொடுக்கும், சின்ன ஆஸ்பத்திரி 2 முதல் 6 டிகிரியில் வைத்துக்கொள்ளும். சிவப்பணுக்களின் ஆயுள் அவை வைக்கப்படும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள். இங்கேயும் சூட்சுமம் திருப்பி அனுப்புவதில்தான். ஏ.பி. நெகட்டிவ் ஒரு யூனிட்டை 35-ஆவது நாள் வரை பிடித்து வைத்துக் கொட்டுவதற்குப் பதிலாக, பத்து நாள் மிச்சமிருக்கும்போதே தாய் வங்கிக்கு அனுப்பிவிட்டால் அங்கே அறுவைக்கு வந்த யாருக்காவது பயன்படும். போய் வருகிற ரத்தம்தான் வீணாகாத ரத்தம்.

மாரடைப்பில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி உடனே, பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே. ஆஞ்சியோகிராம் அடுத்த 3 முதல் 24 மணி நேரத்துக்குள், பெரிய மையத்தில். இப்படிச் சின்ன மருத்துவமனைகளைப் பெரிய மையத்தோடு கட்டிப்போட்டுத் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. 2,420 நோயாளிகளைப் பார்த்ததில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தார்கள். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த ஆஸ்பத்திரிகளை இருந்த ஆம்புலன்ஸால் இணைத்தார்கள்.

ஆளைப் பகிர்வதுதான் மிகக் கஷ்டம். எங்கள் நான்கில் இரண்டில்தான் மயக்க மருந்து டாக்டர் இருந்தார். குடலிறக்கம், கருத்தடை அறுவை போன்ற திட்டமிட்ட ஆபரேஷன்களுக்கு ஒருவரே செவ்வாய் இங்கே, வியாழன் அங்கே என்று வந்தார். அது நன்றாகவே நடந்தது. ஆனால் சிசேரியன் செவ்வாய்க்கிழமை பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் அவரைக் காரில் கூட்டி வருகிற ஏற்பாட்டைச் சில மாதம் முயன்று கைவிட்டோம். அந்த இடைவெளியை அடைத்தது வேறு வழி: எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு உயிர்காக்கும் மயக்க மருந்துத் திறனில் அப்போது கொடுத்த 18 வாரப் பயிற்சி. எங்கள் டாக்டரம்மாவே அதற்குப் போய் வந்தார்.

ஸ்கேன் மெஷினை வேனில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகலாமே என்று அதே டீக்கடையில் ஒருவர் கேட்டார். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தின்கீழ் ஸ்கேன் மெஷின் இந்த இடத்தில் என்று பதிவாகிறது, இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதை உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெண் சிசுக்களுக்கு நேர்ந்ததை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. அந்த யோசனையை அன்றைக்கே விட்டுவிட்டோம், இன்றைக்கும் அதில் வருத்தமில்லை.

மருத்துவக் கழிவு பற்றி ஒரு வரி. 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் ஆஸ்பத்திரி தனியாக எரிக்கக்கூடாது என்று 2016 விதிகள் சொல்கின்றன. வண்டி வந்து மஞ்சள் பையையும் சிவப்புப் பையையும் எடுத்துப்போகிறது. யாரும் பகிர்வு என்று பேசாமலே பகிர்வது இதுதான்.

மதுரையிலேயே இருந்த முன்மாதிரி

நாங்கள் கார்பன் தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மலைக்கு அந்தப் பக்கம் தேனியில் இதைவிட முன்னேறிய வேலை நடந்துகொண்டிருந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-ல் தேனியில் ஒரு கிளை வைத்தது. 2004 முதல் சிற்றூர்களில் விழி மையங்களைத் திறக்கத் தொடங்கினார்கள். அங்கே டாக்டர் இருக்கமாட்டார். அந்தந்த ஊர்ப் பக்கத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். அவர்கள் கண்ணைச் சோதித்து, கருவியில் தெரிவதைப் படமாகத் தேனிக்கு அனுப்புவார்கள். தேனியில் இருக்கும் டாக்டர் திரையில் பார்த்து நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். அன்றைக்கு ஊர்ப்பக்கம் நல்ல இணைய வசதி கிடையாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வந்து, சாதாரண வைஃபையையே பல கிலோமீட்டர் தூரம் போகும்படி மாற்றி, உயரமான கம்பங்களில் கட்டி இணைத்தார்கள்.

நான் ஒரு தடவை என் அத்தையைக் கூட்டிக்கொண்டு அப்படி ஒரு மையத்துக்குப் போனேன். கண்ணாடி மாற்றினால் போதும் என்று முடிந்தது. பஸ் ஏறித் தேனிக்குப் போய், ஒரு நாள் கூலியை விட்டு, வரிசையில் நின்று தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அரை மணியில் முடிந்தது. வருகிறவர்களில் பலருக்கும் கண்ணாடியோ சொட்டு மருந்தோதான் தேவை. கண்புரை போல அறுவை தேவைப்படுகிறவர்கள் மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். 1992-ல் மதுரையில் அவர்களே தொடங்கிய அரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் குறைந்த விலைக்குச் செய்கிறது. கண் நோய் பெரும்பாலும் நாள் கணக்கில் காத்திருக்கும் நோய். அதனால்தான் டாக்டரின் நேரத்தை அவ்வளவு தூரத்துக்குப் பகிர முடிந்தது. அங்கே எல்லாம் ஒரே நிறுவனம், ஒரே கணக்கு. எங்களுக்கு நான்கு மருத்துவமனை, நான்கு ரிஜிஸ்டர், நான்கு கையெழுத்து. அதனால் எங்களுக்குச் சீட்டு அவர்களைவிட அதிகம் தேவைப்பட்டது.

சரியாக வராதவை

நான்கில் ஓர் ஆஸ்பத்திரி எப்போதும் கொடுத்துக்கொண்டே இருந்தது, வாங்கியது குறைவு. ஒரு வருடம் கழித்து அவர்கள் முகம் சுளித்ததில் நியாயம் இருந்தது. அவர்களுடைய பாஸ்புக் ஒதுக்கீடுதான் கரைந்துகொண்டிருந்தது. சீட்டுகளைக் கூட்டிப் பார்த்த பிறகு, அதிகம் வாங்கிய ஆஸ்பத்திரிக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டைக் கூட்டிக் கேட்டோம். ஆதாரமாகக் காட்ட எங்களிடம் சீட்டுக்கட்டு இருந்தது. கைமாற்றாகவே ஓட்டியிருந்தால் இந்த ஆதாரம் இருந்திருக்காது.

பெரிய கவலை இன்னொன்று. பக்கத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதி வந்ததும், காலியிடத்தை நிரப்பாமல் விடுவதற்கு அதுவே காரணமாகிவிடும். மயக்க டாக்டர் செவ்வாய்தோறும் வருகிறாரே, அப்புறம் என்ன அவசரம் என்று ஒரு கூட்டத்தில் கேட்டதை நான் காதால் கேட்டேன். பகிர்வது இருப்பதைப் பரவலாக்கும், இல்லாததை உண்டாக்காது. இதைக் கேட்கிற இடத்தில் எல்லாம் நான் உரக்கச் சொல்லியிருக்கிறேன்.

நோயாளியைத் தள்ளிவிடுவதும் பகிர்வு என்ற பெயரில் நடந்தது. சீட்டு எழுதி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, போய்ச் சேரும் இடத்துக்கு ஒரு போன்கூடப் போடாமல் விடுவது. போன் போட்டு, எதிர்ப்பக்க டாக்டர் பெயரை ரெஃபரல் சீட்டில் எழுதாமல் அனுப்பக்கூடாது என்று எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். பகலில் ஒழுங்காக நடந்தது, இரவில் பல நாள் நடக்கவில்லை.

இரவுச் சாவியும் அப்படித்தான். நடுப் பெட்டி இருக்கும் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர் வெளியூரில் குடியிருந்தார். அவர் இல்லாத ராத்திரி பெட்டி பூட்டியே கிடந்தது. பெட்டியை மருந்தகத்திலிருந்து எடுத்து ட்யூட்டி சிஸ்டரின் அவசர அலமாரிக்கு மாற்றி, சீட்டுப் புத்தகத்தையும் அங்கேயே வைக்க ஒரு வருடம் பேச வேண்டியிருந்தது. கூடுதல் பொறுப்பு எதற்கு என்று சிஸ்டர்கள் தயங்கியதில் தப்பில்லை. இரவு நேரக் கையெழுத்தை மறுநாள் காலை மருத்துவ அலுவலர் பார்த்து ஒப்பமிடுவார் என்று எழுத்தில் கொடுத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். பின்னாளில் வாட்ஸ்அப் குழு வந்தது. எங்கே எத்தனை இருக்கிறது என்று நொடியில் தெரிகிறது, பெரிய உதவி. ஆனால் குழுவில் போட்ட செய்தியே போதும் என்று சீட்டு எழுதாமல் விட்ட இரண்டு தடவையும் மறுபடி அதே பழைய சிக்கல்தான் வந்தது.

போன மழைக்காலத்துக்கு முன்னால் அந்தத் தம்பியைப் பார்க்கப் போயிருந்தேன். அவருக்கே இப்போது ஓய்வு நெருங்குகிறது. மேசைமேல் சீட்டுக்கட்டின் பதிவு நோட்டு இருந்தது, தைத்த பெரிய நோட்டு, ஓரம் நைந்திருந்தது. அட்டையைத் திருப்பினால் உள்பக்கத்தில் மடித்து ஒட்டிய ஒரு கடிதம். அன்றைக்குத் தணிக்கைக்கு அவர் எழுதிய இரண்டாவது விளக்கத்தின் நகல். புதிதாகப் பணிக்கு வருகிறவர்கள் இது என்ன சார் என்று கேட்பார்களாம். அந்தப் பூக்காட்டு அக்காவின் கதையிலிருந்து ஆரம்பித்துச் சொல்வேன் அண்ணே என்றார்.